மணாலியில் மிளகுக்கொடி

என் அக்கா மகன் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, 60 லிட்டர் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வடக்கே கிளம்பிப் பல மாதம் ஆகியிருந்தது. ஆடிப் பதினெட்டுக்கு வீட்டில் இருப்பேன் என்று அக்காவிடம் வாக்குக் கொடுத்திருந்தான். ஆனி மாதம் முடிவதற்கு முன்பே ஒரு மத்தியானம் ஏற்காட்டில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். தாடியைப் பார்த்த என் மனைவி உள்ளே போய்ச் சில்லறை எடுத்து வந்தாள்.

“அத்தை, நான்தான்.”

டெல்லியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறி, மூன்றாம் நாள் சேலம் ஜங்ஷனில் இறங்கியிருக்கிறான். அக்கா வீடு பக்கத்திலேயே, சூரமங்கலத்தில். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போகலாம். இவனோ தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஆட்டோவில் தன் தெருமுனையையே தாண்டிப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மலை பஸ் ஏறியிருக்கிறான்.

“ஏன்டா இப்படி?”

“மாமா, லடாக்குல லேயில போய் இறங்குனா ரெண்டு நாள் சும்மா படுத்துக் கிடக்கணும். அப்பத்தான் உடம்பு அந்த உயரத்துக்குப் பழகும். வீட்டுக்குப் போறதும் அப்படித்தான். நேராப் போய் இறங்கக்கூடாது.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மச்சான் இவன் ஜாதகத்தை ஊரிலுள்ள எல்லாத் தரகர்களிடமும் கொடுத்து வைத்திருக்கிறார் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

கர்துங் லா கணவாயில், 5,359 மீட்டர் உயரத்தில் நின்று டீ குடித்த கதையைச் சொன்னான். மேகாலயாவில் வேர்ப்பாலம் பார்க்க 3,000 படிக்கு மேல் இறங்கி ஏறிய கதையைச் சொன்னான். ஏற்காட்டின் 1,500 மீட்டரெல்லாம் அவனுக்கு ஒரு மேடு. சரி, பையன் பெரிய ஆள் ஆகிவிட்டான் என்று நினைத்தேன். அடுத்த நாள் அந்த பஸ் கண்டக்டரைக் கடைத்தெருவில் பார்த்தபோதுதான் மீதிக் கதை தெரிந்தது. இருபது கொண்டை ஊசி வளைவில் பதினான்காவது பலகை வருவதற்குள் நம்ம ஆள் இரண்டு பாலிதீன் பையை நிரப்பியிருக்கிறான். பக்கத்து சீட்டுப் பாட்டிதான் எலுமிச்சம்பழம் கொடுத்துக் காப்பாற்றினாராம்.

வீட்டில் கட்டில் இருந்தும் தரையில் தூக்கப்பையை விரித்துத்தான் படுத்தான். முதல் நாள் காலையில் அலறியடித்து எழுந்து, “அத்தை, ரூம் எத்தனை மணிக்குக் காலி பண்ணணும்?” என்று கேட்டான். ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அதை ஒரு சைக்கிள் டியூப் துண்டால் கட்டி வைத்திருந்தான். அந்தப் பையில் இருந்து வந்த வாசனைக்கு எங்கள் வீட்டு நாயே இரண்டு தும்மல் போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டது.

கையில் காசும் தீர்ந்திருந்தது. ஒரு சின்ன நோட்டில் தினமும் ராத்திரி கணக்கு எழுதுவான். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். ‘தங்கல்: 0. சாப்பாடு: 0. தேங்காய் பன்: 15. செலவு அதிகமாகிவிட்டது, நாளை குறைக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தது. பன்னில் பாதியை என் மகளுக்குக் கொடுத்ததையும் ‘அன்பளிப்பு’ என்று தனியாகக் காட்டியிருந்தான்.

இதெல்லாம் பரவாயில்லை. சிக்கல் அக்காவின் போன்தான். அவள் கணக்குப்படி பையன் மணாலியில் இருக்கிறான். ஆடி மாதத்து மஞ்சு வீட்டைச் சுற்றிப் புகைந்துகொண்டிருந்ததால், “குளிருதும்மா, எதிர்ல இருக்கிற மரமே தெரியல” என்று அவன் சொன்னதில் பொய்யே இல்லை. ஒரு நாள் ஏரிக்கரைப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, பின்னால் கண்டக்டர் “சேலம், சேலம், சேலம்!” என்று கத்திவிட்டார்.

“என்னடா கண்ணு சத்தம்?”

“நம்மூரு டூரிஸ்ட் பஸ்ஸும்மா. இங்க வரைக்கும் வராங்க.”

அக்கா நம்பிவிட்டாள். நம்பியதோடு நிற்காமல், வரும்போது இரண்டு கிலோ குல்லு ஆப்பிள் வாங்கி வரச் சொன்னாள். இவன் ஒண்டிக்கடை ரவுண்டானா முழுக்க அலைந்தான். மலை வாழைப்பழம் இருந்தது, பட்டர் ஃப்ரூட் இருந்தது, மிளகுப் பொட்டலம் இருந்தது. கடைசியில் ஒரு கடையில் வெளிநாட்டு ஆப்பிள் கிடைத்தது. சாயங்காலம் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் இருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி, பசை போக நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். இவ்வளவு பொறுமையை ஆபீஸில் காட்டியிருந்தால் மேனேஜர் ஆகியிருப்பான் என்றாள் என் மனைவி.

அப்புறம் ஒரு சனிக்கிழமை அக்கா வீடியோ காலில் வந்தாள். பையன் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் போய் நின்றான். மஞ்சு நன்றாகத்தான் இறங்கியிருந்தது. பேசி முடிக்கும் நேரத்தில் ஒரு காற்று அடித்தது, மஞ்சு விலகியது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. “உடம்பப் பாத்துக்க கண்ணு” என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு கூடை மல்கோவா.

“மணாலியில சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி ஏறுதாடா?”

எங்கள் அப்பா இதே மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தவர். அக்கா கல்யாணமாகிப் போகும் வரை மிளகுக்கொடிக்கு நடுவில்தான் வளர்ந்தாள். அவளிடம் போய்க் கொடியைக் காட்டியிருக்கிறான்.

பெரிய சண்டை வரப்போகிறது என்று நான் மெதுவாகத் தோட்டத்துப் பக்கம் நகர்ந்தேன். சத்தமே இல்லை. திரும்பி வந்து பார்த்தால், திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, டவரா செட்டில் காப்பியை ஆற்றிக்கொண்டிருக்கிறாள்.

“ஏன் தம்பி, இங்க இவ்வளவு அமைதியா இருக்கு?”

“எப்பவும் இப்படித்தான்க்கா.”

ஒரு வாய் குடித்துவிட்டுப் போனை எடுத்தாள். “ஏங்க, தம்பி பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லைங்க. ஒரு பத்து நாள் கூட இருந்து பாத்துட்டு வரேன். குழம்பு பிரிட்ஜ்ல இருக்கு” என்றாள். என் மனைவி கையில் தோசைக் கரண்டியோடு கல்லு மாதிரி நின்றுகொண்டிருந்தாள். அக்கா கண்ணைக் காட்டவும் இரண்டு தடவை இருமினாள்.

இப்போது அக்காவுக்குக் கட்டில். சேர்வராயன் கோயில், பகோடா பாயிண்ட், கரடிக் குகை என்று தினமும் ஒரு இடம் கிளம்புகிறாள். கிள்ளியூர் அருவிக்கு இறங்கும்போது செருப்பைக் கழற்றிப் பையன் கையில் கொடுத்துவிட்டாள். திரும்பி ஏறும்போது அவனுக்குத்தான் மூச்சு வாங்கியது. நோட்டில் இப்போது செலவுப் பக்கம் இரண்டு பேருக்கும் சேர்த்து நீள்கிறது.

“மாமா, நான் வீட்டுக்குப் பழகிட்டேன்னு நினைக்கிறேன். நாளைக்குக் கிளம்பட்டுமா?”

“எங்க கிளம்புற? வீட்டுக்குப் போனா உங்கப்பாவுக்கு எல்லாம் தெரிஞ்சுரும். பேசாம இரு” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

நேற்று மச்சான் எனக்குப் போன் செய்தார். “மாப்ள, வீட்டுல இப்ப எப்படி இருக்கு?”

“இருமல் இன்னும் நிக்கல மச்சான்.”

“அடடா. அப்ப ஞாயித்துக்கிழமை நானும் ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறேன்.”

நேற்றிலிருந்து என் மனைவியை இருமிப் பழகச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். புதுப் பட்டுப்புடவை இல்லாமல் இருமல் வராதாம்.