ஐம்பத்தொன்பது வயது டியான்

"பார்க்கிறவர்கள் நம்ப வேண்டுமே" என்று அந்த நடிகையிடம் நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. வேஷத்துக்கு ஆள் பிடிக்கிற இந்தக் காஸ்டிங் வேலையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனாலும் அந்தப் பேச்சை மனசுக்குள் இன்னும் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பிரெஞ்சு அரசவைத் தொடர் அது. 1533இல் பதினான்கு வயது கேத்தரின் டி மெடிசி கல்யாணமாகி வருவதில் தொடங்கி, 1559இல் அவள் கணவன் இரண்டாம் ஹென்றி குதிரைப் போட்டியில் உடைந்த ஈட்டியின் சிம்பு கண்ணில் பாய்ந்து சாவதோடு முடிகிறது. நடுநடுவே 1589, புளுவா கோட்டை. 69 வயதுக் கேத்தரின் சாகக் கிடந்தபடி பழசையெல்லாம் நினைத்துப் பார்க்கிறாள். அந்தக் கிழவி வேஷத்துக்குத்தான் அந்த நடிகையைக் கூப்பிட்டிருந்தோம். மேடையிலும் திரையிலும் பெரிய பெயர், வயது 58. அந்த உயரத்தில் இருப்பவர்களை ஆடிஷனுக்குக் கூப்பிட முடியாது. 'சும்மா ஒரு டீ' என்றுதான் ஏஜென்ட்டிடம் சொல்ல வேண்டும். காட்சிகள் குறைவு என்று முகம் சுளித்தால் சொல்வதற்கு ஜூடி டென்ச் கதையைத் தயாராக வைத்திருந்தேன். எட்டு நிமிஷம் போல வரும் எலிசபெத் ராணி வேஷத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர் அவர். ராணி வேஷம் சின்னதாக இருந்தாலும் ஒத்துக்கொள்ள வைக்க எங்கள் தொழிலில் எல்லாரும் எடுத்து விடுகிற கதை.

அதற்கு அவசியமே வரவில்லை. ஸ்கிரிப்டை மூடி வைத்துவிட்டு, "டியான் டி புவாத்தியேவுக்கு யாரைப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார்.

டியான்தான் ராஜாவின் காதலி. அவனைவிடப் பத்தொன்பது வயது மூத்தவள், விதவை, கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு உடுத்தாதவள். சாவுக்குக் காரணமான அந்தப் போட்டியில்கூட ஹென்றி அவளுடைய நிறங்களைத்தான் அணிந்திருந்தான்.

இயக்குநர் என்னைப் பார்த்தார். "நாற்பதை ஒட்டியவர்களை" என்றேன்.

"அவன் செத்தபோது அவளுக்கு 59 இல்லையா?"

"கதை தொடங்கும்போது 33."

"அப்படியானால் நாற்பது இரண்டு பக்கமும் பொய்."

அப்போதுதான் நான் "பார்க்கிறவர்கள் நம்ப வேண்டுமே" என்றேன். அவர் கோபப்படவில்லை. "இருபது வருஷத்துக்கு மேல் ராஜா நம்பியிருக்கிறானே" என்றார். அப்புறம் புளுவா காட்சிகள் எந்த மாதம், பெயின் கில்லர் போட்டுக்கொண்டு நடக்கிற தன் முழங்காலுக்குப் படுக்கைக் காட்சி எவ்வளவு வசதி என்றெல்லாம் பேசிச் சிரித்துவிட்டுப் போனார்.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 33லிருந்து 59 வரை ஒரே முகம் தாங்க வேண்டும் என்றால் நடுவில் ஒருவரைப் பிடிப்பதுதான் வழக்கம். 'டியான், வயது 38–45' என்று ஏஜென்ட்டுகளுக்குப் போன குறிப்பைத் தட்டச்சு செய்தது நான் என்றாலும், அந்த எண்கள் பணம் போடுகிறவர்களிடமிருந்து வந்தவை. பட்டியல் போடுவதுதான் என் வேலை.

சரி, ஆனால் அதே அறையில் 58 வயதுக்காரரை 69 ஆக்குவதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1939இல் பெட்டி டேவிஸ் 31 வயதில், முன்நெற்றி முடியை மழித்துக்கொண்டு, அறுபதைத் தாண்டிய எலிசபெத்தாக நடித்தார். அதை இன்றும் சாதனை என்கிறோம். வயதைக் கூட்டுவது கலை. 58 வயதுக்காரர் தன் வயதிலேயே ஒருவனால் காதலிக்கப்படுவதுதான் நம்பமுடியாத விஷயம் ஆகிவிடுகிறது.

டியானாக வந்தவர் நன்றாகவே நடித்தார், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கடைசிப் பகுதியில் அவருக்கு வயதைக் கூட்ட வேண்டாம் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். ஹென்றிக்கும் நாற்பது, அவருக்கும் பார்வைக்கு நாற்பது. எடிட் செய்த பிரதியைப் பார்த்தபோது ஏதோ ஒரு சாதாரணக் கள்ளக்காதல் போல இருந்தது. தன்னைவிடக் கிட்டத்தட்ட இருபது வயது மூத்தவளிடம் தோற்றுக்கொண்டே இருந்த கேத்தரினின் அவமானம் எங்கே போயிற்று? புருஷன் கண்மூடியதும் டியானிடமிருந்து அரச நகைகளைக் கணக்கெடுத்துத் திருப்பி வாங்கி, ஷெனோன்சோ மாளிகையையும் பிடுங்கிக்கொண்டு பதிலுக்கு ஷோமோன் மாளிகையைக் கொடுத்தாளே, அந்தக் காட்சி வெறும் சொத்துத் தகராறாகத் தெரிந்தது. அந்த 58 வயதுக்காரர் டியானாக நடித்திருந்தால் சரியாக வந்திருக்குமா? தெரியாது. ஆரம்பப் பகுதிகளில் 33 வயதுக்கு இன்னொருவரைப் போட வேண்டியிருந்திருக்கும். முகம் மாறினால் தொடரை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

இன்னொரு பக்கமும் யோசிக்கிறேன். அன்று சாயங்காலமே அவருடைய ஏஜென்ட் அழைத்து, கிழவி வேஷத்துக்கு நாங்கள் சொன்னதைவிடக் கணிசமாகக் கூட்டிக் கேட்டார். கொடுத்தோம். பெரிய வேஷத்தின் மேல் கண் வைப்பது போலக் காட்டி, சின்ன வேஷத்தின் விலையை ஏற்றுவது நடிகர்களுக்குப் புதிதில்லை. அவ்வளவுதான் விஷயம் என்றால் நான் இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நாங்கள் அனுப்பிய ஸ்கிரிப்டில் டியானின் வயது எந்த இடத்திலும் இல்லை. அவராகத்தான் தேடிப் படித்துவிட்டு வந்திருக்க வேண்டும். பேரத்துக்காகவும் படித்திருக்கலாம்.