செங்கால் தூணும் ஓர் ஆணியும்

போன மாதம் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்தை இடித்தார்கள். குப்பை லோரி வருவதற்குள் ஓடிப்போய் நான்கு தூண்களை வாங்கிவிட்டேன். செங்கால் மரம். செங்கல் இல்லை, செங்கால். திரங்கானுவில் படகு கட்டும் மரம். ஒரு கனமீட்டர் 900 கிலோவுக்கு மேல் கனக்கும். இரண்டு பேர் தூக்கியும் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

மேலே வெறும் சாம்பல் நிறம். இழைப்புளியை ஓட்டியதும் உள்ளிருந்து பழுப்பு எழுந்து வந்தது. அந்த மயக்கத்தில் ஆணி தேட மறந்துவிட்டேன். தலையில்லாத ஆணி ஒன்று உள்ளே புதைந்து கிடந்தது. அலகில் அரிசி அளவு பல் விழுந்து, அன்றைய பொழுது சாணை பிடிப்பதிலேயே போனது.

பால்மரம், அதாவது ரப்பர் மரம், வேறு கதை. பால் கொடுத்து 25, 30 வயதானதும் சாய்த்துவிடுவார்கள். வெட்டிய சில நாளிலேயே நீலப் பூஞ்சை, அப்புறம் வண்டு. போரான் மருந்து ஏற்றி உலர்த்தாவிட்டால் நாற்காலி மாவாகக் கொட்டும். ஆனாலும் சிலைக்கு எனக்கு அதுதான் பிடிக்கும், உளிக்கு இணங்கும். பால் வெட்டிய கத்தி வடு உள்ள பட்டையை அப்படியே விட்டு, நெற்றியில் விளக்கு கட்டிப் பால் வெட்டும் ஒரு பெண்ணைச் செதுக்குகிறேன். கையிலுள்ள வாளி இன்னும் சரியாக வரவில்லை.

நேற்று அந்த லயத்தில் குடியிருந்த பாட்டி வந்தார். தூண்களைத் தடவிப் பார்த்தார்.

“தம்பி, இதுல ஒரு மணை செஞ்சு குடுப்பா. ஆமா, இதுல ஒரு ஆணி இருந்துச்சே? முருகன் படம் மாட்டுனது.”

டப்பாவில் தேடி எடுத்துக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டார்.