ஆன்ட்டியின் மிச்சக் கணக்கு

எனக்குச் சோறு போடுவது சென்சார். கட்டடங்களில் மாட்டுவோம்: விளக்கு, ஏர்கான், மின்தூக்கி எல்லாம் எப்போது பழுதாகும் என்று அது முன்கூட்டியே சொல்லும், சொல்ல வேண்டும். ஆபீஸில் வாடிக்கையாளர்களுக்குப் போட்டுக் காட்டும் ஸ்லைடுகளில் தென்கொரியாவின் சொங்டோ கட்டாயம் வரும். கடலைத் தூர்த்து எழுப்பிய ஊர். குப்பையைக் குழாய் வழியே காற்றே உறிஞ்சிக்கொண்டு போகும். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். ஸ்லைடு ஊரில் எல்லோருக்கும் முப்பது வயதுதான். ஒருத்தருக்கும் மூட்டு வலி கிடையாது.

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில், எதிர் வீட்டு ஆன்ட்டிக்கு 78 வயது, இரண்டு முட்டியிலும் வலி. சனிக்கிழமை காலையில் இழுவண்டியோடு பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, கிளம்பினால் நானும் கூடப் போவேன். போன மாதம்தான் கவனித்தேன். சிக்னலில் நான் பொத்தானை அமுக்கப் போனால் கையைத் தட்டிவிட்டார். “இரு தம்பி” என்று பர்ஸிலிருந்து முதியோர் சலுகை அட்டையை எடுத்து, கம்பத்தில் பொத்தானுக்கு மேலே இருக்கும் கருவியில் தட்டினார்.

‘கிரீன் மேன் பிளஸ்’ என்று பெயர். 2009இல் தொடங்கியது, இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சந்திப்புகளில் இருக்கிறது. முதியவரோ உடற்குறையுள்ளவரோ அட்டையைத் தட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து பச்சை விளக்கு 3 முதல் 13 வினாடி வரை கூடுதலாக எரியும். அவ்வளவுதான். கேமரா இல்லை, செயலி இல்லை. இத்தனை வருஷமாக அந்தக் கம்பத்தைத் தாண்டிப் போகிறேன். என் தொழிலே இதுதான், ஆனாலும் கண்ணில் படவில்லை. நாடு முழுக்கத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவரும் ‘அறிவார்ந்த தேசம்’ திட்டத்தை அரசு அறிவித்ததே 2014இல். அதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே யாரோ ஒருவர் ஆன்ட்டியின் முட்டியைப் பற்றி யோசித்திருக்கிறார்.

இதே ஊர் எப்போதும் இப்படி யோசிக்கிறது என்றும் சொல்லமாட்டேன். 2024 ஜனவரி 9ஆம் தேதி ஓர் அறிவிப்பு வந்தது: வயதுவந்தோருக்கான பழைய பயண அட்டைகள் ஜூன் 1 முதல் பஸ்ஸிலும் ரயிலிலும் செல்லாது, அவற்றை வைத்திருப்பவர்கள் ‘சிம்ப்ளிகோ’ என்ற புது முறைக்கு மாறவேண்டும். பழைய அட்டையில் காசுக் கணக்கு அட்டைக்குள்ளேயே இருக்கும். அதனால் தட்டியதுமே கட்டணம் இவ்வளவு, மீதி இவ்வளவு என்று திரையில் தெரியும். புது முறையில் கணக்கு எங்கோ ஒரு சர்வரில் இருந்தது. அப்போது தட்டினால் மீதி திரையில் வராது, போனைத் திறந்து பார்க்கவேண்டியிருந்தது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அட்டை தொலைந்தால் போனிலேயே முடக்கலாம், இருந்த இடத்திலிருந்தே காசு ஏற்றலாம். சாயங்காலம் கோப்பிக் கடையில் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி தே-ஓவை, பாலில்லாத தேநீரை, ஆற்றிக்கொண்டே கேட்டார்: “மீதி எவ்வளவுன்னு தெரியாம எப்படித் தம்பி ஏறுறது?”

என்னிடம் பதில் இல்லை. ஊர் முழுக்க அதே கேள்விதான் போலிருக்கிறது. ஜனவரி 22ஆம் தேதியே அரசு பின்வாங்கிவிட்டது. பழைய முறையை ஓட்ட மேலும் 4 கோடி வெள்ளி செலவாகும் என்றார்கள். மறுநாள் ஆபீஸில் ஒருவர் “திரையில் நாலு எழுத்துக்கு இவ்வளவு காசா!” என்று சிரித்தார். முந்தின வாரம் கேட்டிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

ஆன்ட்டி ஞாயிற்றுக்கிழமை நியூட்டனில் ரயில் மாறி தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போவார். நிலைய வாசலில் அட்டையைத் தட்டிவிட்டு, பின்னால் வரிசை நிற்பதைப் பற்றிக் கவலையே படாமல், திரையில் மீதியை வாய்விட்டுப் படிப்பார். முன்பெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

போன சனிக்கிழமை வண்டியை நான் வாங்கிக்கொள்ளப் பார்த்தேன், கொடுக்கவில்லை. அட்டையைத் தட்டினார். பச்சை விழுந்தது. நடுச்சாலையில் ஒரு தடவை நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி நடந்தார். எதிர்க் கம்பத்தில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. நடைபாதையில் ஏறியதும் திரும்பி அதைப் பார்த்தார்.

“பாத்தியா, இன்னும் அஞ்சு மிச்சம்.”

மீன்காரரிடம் பேரம் பேசி மிச்சம் பிடித்த அதே குரல்.