பெர்லினில் எங்கே சாமான் வாங்குவது?

பெர்லினுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது காடேவேயைத்தான். விட்டன்பெர்க்பிளாட்ஸில் 1907இல் திறந்த பெரிய கடை. ஆறாவது மாடி முழுக்கத் தீனிதான். சும்மா சுற்றிப் பாருங்கள், விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுங்கள்.

சமையலுக்கு வாங்க வேண்டுமென்றால் செவ்வாய் அல்லது வெள்ளி மைபாக்ஊஃபர் சந்தைக்குப் போங்கள். கால்வாய் ஓரமாக நீளும் சந்தை, துருக்கியர் கடைகள் நிறைய. யூ8 ரயிலில் ஷோன்லைன்ஷ்ட்ராஸேயில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். கட்டுக்கட்டாகக் கொத்தமல்லி, புதினா, பளபளவென்று கத்தரிக்காய், வாளி வாளியாக ஆலிவ். சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் “ஐன் யூரோ, ஐன் யூரோ” (ஒரு யூரோ) என்று கூவிக் கூவித் தள்ளிவிடுவார்கள். மலிவுதான், ஆனால் அடியில் இருக்கிற பழத்தையும் பார்த்து வாங்குங்கள். கையில் சில்லறை இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டு, சட்டமே அப்படி. பால் தீர்ந்துவிட்டால் மத்திய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட்தான் கதி. பொழுது போக மவுவர்பார்க் பழஞ்சாமான் சந்தை இருக்கிறது.

அப்புறம், தண்ணீர் குடித்த பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். சூப்பர் மார்க்கெட் மெஷினில் போட்டால், வாங்கும்போது பாட்டிலுக்கென்று கட்டிய முன்பணம் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்ப வரும்.