நடுக்கடலில் கருவிப்பெட்டி

கேனரித் தீவுகளிலிருந்து கரீபியனில் உள்ள செயின்ட் லூசியா வரை ஏறத்தாழ 2,700 கடல் மைல். 12 மீட்டர் நீளமுள்ள பாய்மரப்படகில் நாங்கள் மூவர் அந்தத் தூரத்தைக் கடக்க 22 நாட்கள் ஆயின. புறப்படுமுன் பலரும் கேட்டது புயலைப் பற்றித்தான். வடகிழக்கு வியாபாரக் காற்று நிலைகொண்ட பருவத்தில் அந்த வழியே போகும் படகுக்குக் காற்று பெரும்பாலும் பின்புறமிருந்தே வீசும் என்பதால் புயலைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. எங்கள் நாட்களில் பெரும்பகுதியைத் தேய்மானம்தான் எடுத்துக்கொண்டது.

கடலில் படகு ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. ஒரு கயிறு கப்பியின் விளிம்பில் ஒவ்வோர் அலைக்கும் ஒரு விரற்கடை முன்னும் பின்னும் உராய்கிறது என்றும், பத்து வினாடிக்கு ஓர் அலை வருகிறது என்றும் வைத்துக்கொண்டால், ஒரே நாளில் அந்த இடம் 8,640 முறை தேய்கிறது. கரையோரமாக வார இறுதியில் படகு ஓட்டுபவருக்குப் பல ஆண்டுகளில் வரும் தேய்மானம் நடுக்கடலில் சில நாட்களிலேயே வந்துவிடும். ஆகவே தினமும் விடிந்ததும், தேநீருக்கு முன்பே, பாதுகாப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு மேல்தளத்தை ஒரு முறை சுற்றி வருவது என் பொறுப்பாக இருந்தது. கயிறுகளைக் கண்ணால் பார்த்தால் போதாது, விரல்களுக்கிடையே உருவிப் பார்க்க வேண்டும். நார் பிரியத் தொடங்குவது கண்ணுக்குத் தெரியுமுன் விரலுக்குத் தெரிந்துவிடும். பாயை ஏற்றிக் கட்டியிருக்கும் கயிற்றை நாள்தோறும் ஒரு சாண் அளவுக்கு நகர்த்தி, பாய்மர உச்சியில் உள்ள கப்பியின்மேல் ஒரே இடம் தொடர்ந்து அழுந்தாமல் பார்த்துக்கொண்டோம். இவற்றோடு, தளத்தில் சிறிய உலோகத்துண்டு ஏதேனும் கிடக்கிறதா என்றும் தேடுவேன். கிடந்தால் அது மேலே எங்கிருந்தோ கழன்று விழுந்தது என்று பொருள்.

ஒன்பதாம் நாள் மாலையில் இன்ஜின் மக்கர் செய்தது. இரண்டு நாளாக மேகமூட்டம். சோலார் பலகைகள் பேட்டரியை நிரப்பாததால் இன்ஜினை ஓடவிட்டிருந்தோம். இன்ஜினைக் குளிர்வித்த கடல்நீர் எக்ஸாஸ்ட் குழாய் வழியே விட்டுவிட்டு இருமுவதுபோல் வெளியே தெறிப்பது வழக்கம். திடீரென அந்தச் சத்தம் வறண்டு, உரத்துக் கேட்டது. எச்சரிக்கை மணி அடிக்குமுன்பே இன்ஜினை நிறுத்திவிட்டு, கடல்நீர் உள்ளே வரும் வால்வை மூடினோம்.

கடல்நீர் பம்பின் மூடியில் ஆறு சிறிய திருகாணிகள் இருந்தன. அடியில் துணி போட்ட ஒரு டம்ளரில் அவற்றைச் சேர்த்தோம், ஏனெனில் உருளும் படகில் கீழே போட்ட திருகாணி அடித்தளத்துத் தண்ணீரில் போய்த்தான் நிற்கும். உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரின் ஆறு இதழ்களில் இரண்டைக் காணோம். புதியதை மாட்ட ஐந்து நிமிடம் போதும், ஆனால் காணாமற்போன அந்த இரண்டு துண்டுகளும் குளிர்நீர்ப் பாதையில் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கும்; அவற்றை எடுக்காமல் புதியதை மாட்டினால் இன்ஜின் மறுபடியும் சூடேறும். ஒருவர் டார்ச் பிடிக்க, நான் முழங்கால்களை முட்டுக்கொடுத்துத் தலைகீழாகக் கிடந்து, டீசல் நாற்றத்துக்கு நடுவே ஒவ்வொரு குழாயாகக் கழற்றினேன். ஒரு துண்டு பம்பை அடுத்த வளைவிலேயே கிடைத்தது. மற்றொன்று வெப்பமாற்றியின் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது; அதைக் கண்டுபிடிக்க மேலும் ஐம்பது நிமிடம் ஆயிற்று. இரண்டையும் பழைய இம்பெல்லரின் முறிவுகளோடு பொருத்தி, சிறு துணுக்கும் மிச்சமில்லை என்று உறுதிசெய்த பிறகே புதியதற்குக் கிளிசரின் தடவி, இதழ்களை ஒரே பக்கமாக மடக்கி உள்ளே தள்ளினோம். வெளியே தண்ணீர் தெறிக்கும் சத்தம் மீண்டும் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாய் தைத்தது வேறு வகையான வேலை. முன்பாயின் ஓரத்தில் இரண்டு சாண் நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது. துணி நன்றாகவே இருந்தது. வெயிலில் முதலில் மட்கிப்போவது நூல்தான். ஒட்டுத்துணி உப்பின்மேல் ஒட்டாது என்பதால், எண்ணிச் செலவழிக்கும் நன்னீரில் அரை லிட்டரை எடுத்துக் கழுவி, உலர்த்தி, ஒட்டி, பிறகு மெழுகு தடவிய நூலால் பழைய ஊசித்துளைகள் வழியாகவே தைத்தேன். உள்ளங்கையில் தோல்பட்டை அணிந்து ஊசியைத் தள்ளித் தைக்க ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று. 1968-இல் பிரிட்டிஷ் மாலுமி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தம் ‘சுஹைலி’ படகில் தண்ணீர் கசிந்தபோது தனியாளாகக் கடலில் இறங்கி, நீருக்கடியில் இருந்த கசிவின்மேல் கான்வாஸ் பட்டையைச் செப்பு ஆணிகளால் அடித்தார். எங்கும் நிறுத்தாமல் தனியாக உலகைச் சுற்றி 1969 ஏப்ரல் 22-இல் அவர் கரை சேர்ந்தது அந்தப் படகில்தான். கையில் இருப்பதை வைத்து, கரை சேரும்வரை தாங்கும்படி செய்வதைத்தான் நான் நல்ல பழுதுபார்ப்பு என்பேன்.

இவற்றையெல்லாம் செய்யத் தூக்கம் வேண்டும். ஆளுக்கு மூன்று மணி நேரக் காவல், ஆறு மணி நேர ஓய்வு என்ற முறையை நாங்கள் ஒரு நாளும் மீறவில்லை. காவலில் இருப்பவர் அமர்ந்திருக்கும் உயரத்தில் தொடுவானம் ஏறத்தாழ மூன்று கடல் மைலில் முடிந்துவிடுகிறது. விரைந்து வரும் சரக்குக் கப்பல் கால் மணி நேரத்துக்குள் நம்மேல் வந்துவிடலாம் என்பதால், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நாற்புறமும் பார்ப்போம். படகைத் திசைமாறாமல் செலுத்தியது காற்றின் விசையாலேயே இயங்கும் விண்ட்வேன். மின்சாரமே கேட்காத அந்தக் கருவியை மற்ற எல்லாவற்றையும்விட நான் நம்பினேன். கடலில் மிதக்கும் சர்காசம் பாசி அதன் துடுப்பில் சுற்றிக்கொள்ளும்போதெல்லாம் நீண்ட கொக்கியால் விலக்கிவிட்டால் போதும். அவசரமில்லாத எந்தப் பழுதையும் இரவில் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். களைத்த கையிலிருந்து ஒரு முறை ஸ்பேனர் கடலுக்குள் போன பிறகு, வெளியே எடுக்கும் ஒவ்வொரு கருவியையும் மணிக்கட்டோடு கயிற்றால் கட்டிக்கொண்டோம்.

பத்தொன்பதாம் நாள் காலைச் சுற்றில், பாய்மரத்தின் அடியில் ஒரு பிளவுமுள் கிடந்தது; ஆணி கழன்றுவிடாமல் அதன் துளையில் செருகி, இரு கால்களையும் விரித்துப் பூட்டும் கம்பித்துண்டு அது. தீக்குச்சியில் பாதி நீளம்கூட இல்லை. ஒரு கால் முறிந்திருந்தது. படகை அலை அதிகம் அசைக்காத திசைக்குத் திருப்பிவிட்டு, மூவரும் ஒவ்வோர் இணைப்பாகத் தேடினோம். பெரிய பாயின் அடிக்கட்டையைப் பாய்மரத்தோடு பிணைக்கும் தடித்த ஆணி, தன்னைப் பூட்டியிருந்த முள்ளை இழந்து, பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தது. அடிக்கட்டையை ஒருவர் தோள்கொடுத்துத் தாங்க, ஆணியைச் சுத்தியலால் மெல்லத் தட்டி உள்ளே இறக்கி, உதிரிப்பெட்டியிலிருந்து புதிய முள்ளைச் செருகி, அதன் இரு கால்களையும் விரித்து, மேலே டேப் சுற்றினேன். பிறகு காலையில் போடாமல் விட்ட தேநீரைப் போட்டுக் குடித்தோம்.