சேற்றில் பதிந்த நகம்

ஆந்திராவின் கோரிங்கா சரணாலயத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஓதம் வடிந்த சேற்றில் ஒரு தடத்தைப் பார்த்து நாய் என்று குறிப்பேட்டில் எழுதினேன். கூட வந்த வனக் காவலர் குனிந்து பார்த்துவிட்டு, "பூனைதான் சார்" என்றார். பூனை நடக்கும்போது நகத்தை இழுத்துக்கொள்ளும், தடத்தில் நகம் விழாது என்றுதான் படித்திருந்தேன். மீன்பிடிப் பூனைக்கு நகம் முழுசாக உள்ளே போவதில்லை. நுனி சேற்றில் பதிகிறது. வழுக்கும் கரையில் நின்று மீன் பிடிக்கிற உயிருக்கு அந்தப் பிடி வேண்டும்.

கோதாவரி கழிமுகத்தின் அலையாத்திக் காடு அது, சுமார் 235 சதுர கிலோமீட்டர். பூனை அதற்குள்ளேயே இருந்துவிடுவதில்லை. வெளியே இறால், மீன் குளங்கள். இரவில் அங்கேயும் வரும். எங்கள் வேலையில் பாதி அந்தக் கரைகளில்தான். ஒரு குளத்துக்காரர் கொதித்துப்போயிருந்தார். மீன் போவது உண்மைதானே, அதை மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அவர் கரையிலேயே கிடந்த பூனை எச்சத்தை எடுத்து, கழுவி, வடிகட்டி அவர் முன்னால் பரப்பினோம். மீன் செதில், நண்டு ஓடு, அப்புறம் கொத்தாக எலி முடி. செதிலை ஒதுக்கிவிட்டு அந்த முடியையே விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். கரையில் எலி வளை போட்டால் தண்ணீர் கசிந்து குளமே உடையும் என்பது அவருக்குத் தெரியும். நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேற்கு வங்கம் மீன்பிடிப் பூனையை மாநில விலங்காக வைத்திருக்கிறது. ஒடிசாவின் சிலிகா ஏரியில் 2022-இல் 176 பூனைகள் என்று மதிப்பிட்டார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் தேசியத் தரிசு நில வரைபடத்தில் சதுப்பு நிலமும் ஒரு வகையாக இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. மீனும் நண்டும் நாரையும் நிறைந்த இடம் எப்படித் தரிசாகும்? அந்தப் பெயர் இருக்கும்வரை மண் கொட்டி நிரப்ப யாருக்கும் கை கூசாது. கோரைப் புதர் போனால் இந்தப் பூனை பகலில் படுக்க இடமில்லை.

போன மாதம் அதே குளத்துக்காரர் இரவு பதினொரு மணிக்கு போன் செய்தார். "குட்டியோட வந்து கரையில உட்கார்ந்திருக்கு. டார்ச் அடிக்கல, சும்மா நின்னு பார்த்துட்டிருக்கேன்" என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு.