மூக்கில் புகை, காதில் நீர்: திருவொற்றியூர் நாட்குறிப்பு

27 டிசம்பர் 2023, புதன்

நேற்று நள்ளிரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்துவிட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் தூக்கத்தில் எழுந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் இருக்கும் நாத்தனார் போனில், "மூக்குல மொளகாத்தூள் அடிச்ச மாதிரி இருந்துச்சு அண்ணி, தொண்டை கட்டிக்கிச்சு" என்றாள். அமோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் முதல் அடி: கண், மூக்கு, தொண்டை. இதே மாதம்தான் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்தது. வடசென்னை என்றால் எதையும் தாங்கும் என்று நினைப்பு.

4 ஜனவரி 2024

சின்னவன் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று டியூஷன் மிஸ் சொன்னார். டிவி சத்தமும் ஏறிக்கொண்டே போகிறது. "அழுக்குதான், நல்லெண்ணெய காய்ச்சி ரெண்டு சொட்டு விடு" என்றார் அத்தை. விடவில்லை, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

காதில் அழுக்கே இல்லை. காதைவிட மூக்கைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு ரப்பர் முனை ஒன்றைக் காதில் வைத்து ஒரு டெஸ்ட். நல்ல காதென்றால் தாளில் கோடு கூம்பாக எழும்புமாம். இவனுக்குத் தரையோடு தரையாகக் கிடந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது.

மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. சளி, அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை), புகை, தூசி, எதனால் அங்கே வீங்கினாலும் அதன் வாய் அடைபடும். காற்றுப் போகாத இடத்தில் நீர் சேரும். பிள்ளைகளுக்கு அந்தக் குழாய் குட்டை, படுத்தாற்போல வேறு இருக்கும். புகை மட்டும்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. "இந்த ஏரியாவுல அது சேர்ந்து வேலை செய்யும்மா" என்றார். வலி இல்லாததால் பையனுக்கே தெரியவில்லை.

கத்தி வேண்டாம், மூன்று மாதம் பார்க்கலாம். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவ வேண்டும். மருந்துக்கடை அடைப்புச் சொட்டு மருந்தை நாள்கணக்கில் போட்டால் அடைப்பு இன்னும் கூடுமாம்.

9 ஜனவரி

இவர் டிரெய்லர் ஓட்டுகிறவர். துறைமுக வரிசையில் நின்றுவிட்டு வந்து மூக்கைச் சிந்தினால் கர்ச்சீப்பில் கருப்புக் கோடு. "வெளிய வந்துடுச்சுல்ல" என்கிறார். வந்தது மூக்கு பிடித்துவைத்த பெரிய தூசி. 2.5 மைக்ரானுக்குக் கீழே உள்ளது பெரும்பாலும் நுரையீரல்வரை போய்விடும். கர்ச்சீப் கட்டினாலும் நிற்காது. என்95 வாங்கிக் கொடுத்தேன். முதல் டீக்கடைவரை போட்டிருக்கிறாராம்.

14 ஜனவரி, போகி

விடியுமுன்னே தெருமுனையில் டயர். பழைய டயரை எங்களிடம் கொடுங்கள் என்று மாநகராட்சி தலைபாடாக அடித்துக்கொள்கிறது. 2018 போகியில் இந்தப் புகையால் மீனம்பாக்கத்தில் விமானங்களே தடைபட்டன. ஒரு நாள் சராசரியாக அந்த 2.5 மைக்ரான் நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டு வரம்பு 60. டயர் எரிப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அத்தையைக் கேட்டேன். "நாங்க பாயும் தொடப்பமும் எரிச்சோம். டயரையா எரிச்சோம்?"

கதவிடுக்கில் ஈரத்துணி. சாயங்காலத்துக்குள் எனக்குக் குரல் கம்மிவிட்டது.

22 ஜனவரி

மூக்குக் கழுவுவதற்குள் தினமும் ஒரு போர். மிஸ்ஸிடம் சொல்லி முதல் வரிசையில் உட்காரவைத்தாயிற்று. ஏப்ரலில் மறுபடி அந்தக் காது டெஸ்ட், அந்தக் கோடு.